ஒன்றாம் வகுப்பில் வீட்டுக்கும் ஓர் இடம்

செகந்திராபாத் பத்மராவ் நகரில், ஸ்கந்தகிரி முருகன் கோவிலுக்குப் போகும் வழியில் ஓர் அடுக்குமாடி வீடு. மாலை ஆறரை மணி. கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தெலுங்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரே அவனுடைய தாயார். கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. காய்கறி வண்டிக்காரரிடம் தெலுங்கில் பேரம் பேச வரும். பஸ்ஸின் பலகையைப் படிக்க வராது.

பையன் ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்து, "அம்மா, இது என்ன?" என்று கேட்கிறான்.

"நாளைக்கு மிஸ்ஸையே கேட்டுக்கோடா கண்ணா" என்று சொல்லிவிட்டு அவர் அடுக்களைப் பக்கம் எழுந்து போய்விடுகிறார். திரும்பி வரும்போது முகம் அவ்வளவு சரியாக இல்லை. "நான் பி.எஸ்ஸி. படிச்சவ. ஒண்ணாங் கிளாஸ் பாடத்துல பையன் கேக்கறதுக்கு எனக்குப் பதில் தெரியலை பாருங்க" என்றார் நம்மிடம்.

சென்ற ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் நாம் பார்த்த காட்சி இது. இரட்டை நகரங்களில் உள்ள நம்மவர் வீடுகள் பலவற்றில் இதே காட்சி நடந்துகொண்டிருக்கும். தெலங்கானா அரசு 2018-ம் ஆண்டில் சட்டம் இயற்றி, பள்ளிகளில் தெலுங்கைக் கட்டாயப் பாடமாக்கியது. முதலில் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலே கொண்டுபோவது ஏற்பாடு. மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். வந்த ஊரின் மொழியைப் பிள்ளை எழுதப் படிக்கக் கற்பது நல்லதுதான். அதில் நமக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை படிக்கிற புத்தகத்தைத் தாயாரால் படிக்க முடியாதபோது, வகுப்பறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு சாத்திக்கொள்கிறது. அதைத் திறந்து வைக்க என்ன வழி என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பள்ளிக்கூட விஷயத்தில் இந்த ஊர்த் தமிழர் ஒதுங்கி நின்றவர்கள் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். செகந்திராபாத்தின் மகபூப் கல்லூரி 1862-ல் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. விவேகானந்தர் அமெரிக்கா புறப்படுமுன் 1893 பிப்ரவரியில் அங்கேதான் பேசினார். 1966-ல் தென்மத்திய ரயில்வேயின் தலைமையகம் செகந்திராபாத்தில் அமைந்தபின் ரயில்வே குடும்பங்கள் பல வந்தன; இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிக் குடும்பங்கள் வருகின்றன. பள்ளி கட்டிக் கொடுத்த பரம்பரை, பிள்ளையின் டயரியில் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடலாமா?

கையெழுத்தும் தெர்மகோலும்

பெற்றோரின் பங்கு என்று பல பள்ளிகள் நினைப்பது நான்கைந்து காரியங்களைத்தான். பீஸ் கட்டுவது. டயரியில் கையெழுத்துப் போடுவது. பிராக்ரஸ் ரிப்போர்ட் வாங்க வரிசையில் நிற்பது. ஆண்டு விழாவில் பின்வரிசையிலிருந்து கைதட்டுவது. இப்போது புதிதாக வாட்ஸ்அப் குழு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. "நாளைக் காலை மஞ்சள் நிறச் சட்டையும் ஒரு மாம்பழமும் கொண்டுவரவும்" என்று இரவு ஒன்பது மணிக்குச் செய்தி வரும். எந்தக் கடை திறந்திருக்கும்? தகப்பனார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சுற்றுவார்.

இதைவிட வேடிக்கை 'புராஜெக்ட்' என்பது. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெர்மகோலில் சார்மினார் செய்துவரச் சொல்கிறார்கள். பிளேடைப் பிள்ளை கையில் கொடுக்க முடியுமா? தாயார் நறுக்குகிறார், தகப்பனார் ஒட்டுகிறார், பிள்ளை தூங்கிவிடுகிறது. மறுநாள் மேஜையில் முப்பது சார்மினார்கள். பரிசு எந்த அம்மாவுக்கு என்பதுதான் கேள்வி. குடும்பம் வகுப்பில் பங்கு கொண்டதாக இதைக் கணக்கு வைத்துக்கொண்டால், அந்தக் கணக்கு தப்பு. பிள்ளை கற்றது ஒன்றுமில்லை; குடும்பத்துக்கு மிஞ்சியது கண்விழிப்பு.

சட்டம் இந்த விஷயத்தில் ஓரளவுக்குத்தான் போகிறது. 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். உதவிபெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்த விதி கிடையாது. தெலங்கானாவில் 2024-ல் 'அம்மா ஆதர்ச பாடசாலை' குழுக்கள் என்று மகளிர் சுய உதவிக் குழுவினரைக் கொண்டே அமைத்து, அரசுப் பள்ளிகளின் குடிநீர், கழிப்பறை, மின்சாரம் போன்ற பழுதுபார்ப்பு வேலைகளை ஒப்படைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் குழாயைப் பழுது பார்ப்பது வேறு, பிள்ளை படிக்கும் பாடத்தில் பங்கு கொள்வது வேறு.

குழு அமைத்தால் மட்டும் போதாது என்பதற்கு ஓர் ஆராய்ச்சியே சாட்சி. உத்தரப் பிரதேசத்தின் ஜோன்பூர் மாவட்டத்தில், 2005-ஐ ஒட்டி, பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து 280 கிராமங்களில் சோதனை செய்தார்கள். கிராமக் கல்விக் குழு என்று ஒன்று இருப்பதே பெற்றோரில் மிகப் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. குழுவில் இருந்த பெற்றோரிலேயே நாலில் ஒருவருக்குத் தாம் உறுப்பினர் என்பது தெரியாது! சில கிராமங்களில் கூட்டம் போட்டு, குழுவின் உரிமைகளை எல்லாம் விளக்கிச் சொன்னார்கள். பிள்ளைகளின் படிப்பில் மாறுதல் ஒன்றும் தென்படவில்லை. வேறு சில கிராமங்களில் உள்ளூர் இளைஞர்களுக்கு வாசிக்கக் கற்பிக்கும் முறையை நாலு நாள் சொல்லிக் கொடுத்து, மாலை வகுப்பு நடத்தச் செய்தார்கள். அங்கே வந்த பிள்ளைகள் வாசிப்பில் முன்னேறினார்கள். 'உங்களுக்கு அதிகாரம் உண்டு' என்று சொன்னதைவிட, 'இதைச் செய்யுங்கள், இப்படிச் செய்யுங்கள்' என்று கையில் ஒரு வேலையைக் கொடுத்ததுதான் பலன் தந்தது.

வெள்ளிக்கிழமைச் சீட்டு

பத்மராவ் நகர்ப் பையனின் வகுப்பாசிரியை வாரங்கல் பக்கத்தவர். தாய்மொழி தெலுங்கு. வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். தெலுங்கு வீடுகள், உருது வீடுகள், இந்தி வீடுகள், இரண்டு மராத்தி வீடுகள், நான்கு தமிழ் வீடுகள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு சின்னச் சீட்டை இவர் பிள்ளைகளின் டயரியில் ஒட்டி அனுப்புகிறார். அதில் ஒரே ஒரு காரியம் இருக்கும். 'உன் வீட்டு மாடிப்படிகள் எத்தனை? வீட்டில் ஒருவரோடு சேர்ந்து எண்ணு.' 'உன் பாட்டி சிறுமியாக இருந்தபோது என்ன விளையாடினார் என்று கேட்டு வா.' 'இன்று கற்ற ஐந்து எழுத்தை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக் கொடு.' எந்த மொழியில் பேசிச் செய்தாலும் சரி. திங்கட்கிழமை பிள்ளை வகுப்பில் எழுந்து அதைச் சொல்ல வேண்டும். சீட்டின் அடியில் வீட்டார் ஒரு வரி எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் படம் போடலாம், பிள்ளையிடம் வாய்மொழியாகச் சொல்லியும் அனுப்பலாம்.

"வீட்டில் இருப்பவர்களைப் பாடம் நடத்தச் சொல்ல நான் யார்? அது என் வேலை. பிள்ளை சொல்வதை ஐந்து நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள் என்றுதான் கேட்கிறேன்" என்றார் அந்த ஆசிரியை.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் எப்ஸ்டீன் அம்மையார் 1980-களிலிருந்து பல பள்ளிகளில் பழக்கிவந்த முறையும் ஏறக்குறைய இதுவே. அவருடைய முறையில் வீட்டுப்பாடத்தின் பொறுப்பு மாணவனுடையது. அவன் வீட்டாரிடம் காட்டுகிறான், கேள்வி கேட்கிறான், செய்து பார்க்கிறான். பெற்றோர் அந்தப் பாடத்தைக் கற்பிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கடைசியில் வீட்டிலிருந்து ஆசிரியருக்கு ஒரு குறிப்புப் போகும். நம் செகந்திராபாத் ஆசிரியை எப்ஸ்டீனைப் படித்தவரல்ல. முதல் வருஷம் வழக்கமான வீட்டுப்பாடம் கொடுத்து, பாதிப் பிள்ளைகளின் நோட்டில் தாயாரின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் இந்த வழிக்கு வந்ததாகச் சொன்னார்.

பலன் மலைபோல் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். பீகாரிலும் ராஜஸ்தானிலும் 480 கிராமங்களில் நடந்த இன்னொரு சோதனையில், சில ஊர்களில் தாய்மார்களுக்கு எழுத்தறிவு வகுப்பு வைத்தார்கள்; சில ஊர்களில் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய், பிள்ளையோடு சேர்ந்து செய்ய ஒரு தாளைக் கொடுத்தார்கள்; சில ஊர்களில் இரண்டையும் செய்தார்கள். பிள்ளைகளின் கணக்கில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் சிறிய முன்னேற்றம்தான். தாய்மார்களும் கற்றார்கள். இரண்டும் சேர்ந்த ஊர்களில் அவர்கள் கற்றது அதிகம். பிள்ளைக்காக ஆரம்பித்த காரியத்தில் தாயாருக்கும் எழுத்து வந்தது என்பது நமக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆவும் ஆவினும்

இப்போது அந்தக் கும்பகோணத்து அம்மாளின் கதைக்கு வருவோம். 'ஐந்து எழுத்தைச் சொல்லிக் கொடு' என்ற சீட்டு வந்த அன்று பையன்தான் ஆசிரியர், அம்மா மாணவி. தெலுங்கு அரிச்சுவடியின் முதல் வார்த்தை என்ன தெரியுமா? நம்முடையதைப் போலவே 'அம்ம'. அடுத்தது ஆவு, அதாவது பசு. அம்மாள் சிரித்துவிட்டார். "ஆவின் பால்னு நாம சொல்றோமே, அந்த ஆதான்டா இது!" இல்லு என்றால் இல்லம். ஈக என்றால் ஈ. ஊயல என்றால் ஊஞ்சல். இடையில் உடுத மட்டும் இடறியது, அது அணில்.

எண்களும் அப்படியே. ரெண்டு, மூடு, நாலுகு, ஐது, ஆறு, ஏடு என்று நம் எண்களுக்குக் கூடப் பிறந்தவையாகவே வருகின்றன. முதலில் வரும் 'ஒகட்டி' ஒன்றுதான் கொஞ்சம் முறைக்கும்.

கஷ்டமான இடமும் உண்டு. நம் 'க' ஒன்றுக்கு அங்கே நான்கு எழுத்து. தமிழ் வீட்டுப் பிள்ளைகள் கேட்டு எழுதும்போது தடுமாறுவது இங்கேதான். எழுத்தின் கீழே தொங்கும் 'ஒத்து' இன்னொரு தொல்லை. இவற்றைத் தாயார் திருத்த முயன்றால் தப்பாகத்தான் திருத்துவார். அதை வகுப்புக்கே விட்டுவிடலாம். அவர் செய்யக்கூடியது, 'ஆவு' என்றதும் ஆவினைக் காட்டியதே, அந்த வேலை. அதை வகுப்பாசிரியை செய்ய முடியாது.

இந்த இடத்தில் நம்மவர் சிலரிடம் ஒரு வார்த்தை. "வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளை தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பின்தங்கிவிடும்" என்று எண்ணி, வராத இங்கிலீஷில் பிள்ளையோடு பேசும் பெற்றோரை நாம் பார்க்கிறோம். அது வேண்டாம். கதை சொல்லவும், ஏன் எதற்கு என்று விளக்கவும், கோபிக்கவும் கொஞ்சவும் நமக்கு எந்த மொழி தடையில்லாமல் வருகிறதோ அந்த மொழியில் பேசினால்தான் பிள்ளைக்கு வார்த்தை சேரும். ஒரு மொழியில் விஷயம் புரிந்த பிள்ளைக்கு அடுத்த மொழியில் அதன் பெயர்தான் பாக்கி.

பல்லாங்குழி வகுப்புக்குப் போனது

'பாட்டி என்ன விளையாடினார்' என்ற சீட்டுக்கு இந்தப் பையன் கொண்டுபோன பதில் பல்லாங்குழி. ஆசிரியைக்கு உடனே புரிந்துவிட்டது. "ஓ, வாமன குண்டலு!" என்றாராம். தெலுங்கு நாட்டிலும் அதே பலகை, அதே புளியங்கொட்டை, பெயர் மட்டும் வேறு. அடுத்த சனிக்கிழமை பையனின் பாட்டிக்கு அழைப்பு வந்தது. எழுபது வயதுப் பாட்டி, எட்டு முழப் புடவையில், ஒன்றாம் வகுப்பின் தரையில் உட்கார்ந்து விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தார். பாட்டிக்குத் தெலுங்கு வராது. பேரன் மொழிபெயர்ப்பாளன்.

பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாகப் போட்டால் மொத்தம் எத்தனை? ஐந்து, பத்து, பதினைந்து என்று வகுப்பு முழுதும் எண்ணி எழுபதில் போய் நின்றது. காலியான குழியில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து நாலானதும், "பசு!" என்று பாட்டி எடுத்துக்கொண்டபோது பிள்ளைகள் ஒரே கூச்சல். ஐந்தைந்தாக எண்ணுவது அந்தப் பருவத்தின் கணக்குப் பாடம்தான். அதற்குப் பிளாஸ்டிக் மணிகள் வாங்கி வைத்திருந்தார்கள். அன்று அவை பெட்டியிலேயே இருந்தன.

இதைப் போன்ற ஒரு சம்பவம் அமெரிக்காவில் கல்வித் துறையார் அடிக்கடி எடுத்துக்காட்டுவது. அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில், மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகளுக்குப் பள்ளி ஆசிரியர்களே போய், அந்த வீடுகளில் என்னென்ன தொழிலறிவு இருக்கிறது என்று பார்த்துவந்தார்கள். லூயிஸ் மோல் என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் 1992-ல் அதைப் பற்றி எழுதினார்கள். மாணவன் ஒருவன் மெக்சிகோ மிட்டாய் விற்கிறான் என்று தெரிந்ததும், வகுப்பில் மிட்டாயைப் பற்றியே பாடம் அமைத்தார்கள். ஒரு தாயார் வகுப்புக்கு வந்து பூசணி விதை மிட்டாய் செய்து காட்டினார். ஏழை வீடு, படிப்பில்லாத வீடு என்று ஒதுக்கப்பட்டவர்களிடம் வகுப்புக்கு வேண்டிய விஷயம் இருந்தது. போய்க் கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

நம் ஊரில் இதற்குத் தோதான சமயம் புரட்டாசி. தசரா விடுமுறை விடுவதற்கு முன் பள்ளிகளில் பதுகம்மா கொண்டாடுகிறார்கள். தட்டில் பூக்களை வட்ட வட்டமாக அடுக்கிக் கோபுரம்போல் எழுப்பி, பெண்கள் சுற்றிவந்து பாடும் பண்டிகை அது. மகாளய அமாவாசையன்று தொடங்கி ஒன்பது நாள். அதில் முக்கியமான பூ தங்கேடு. தெலங்கானாவின் மாநில மலரும் அதுவே. தங்கேடு வேறொன்றுமில்லை, நம் ஆவாரம்பூ! ஆவாரையின் குணத்தைப் பற்றி வீட்டுக்கு வீடு பாட்டிகளுக்குப் பத்து விஷயம் தெரியும். அதே நாட்களில் நம் வீடுகளில் கொலு. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று படி கட்டுவது ஒற்றைப்படைக் கணக்குக்கு உயிருள்ள பாடம் அல்லவா? ஒரு ஞாயிறு மாலை வகுப்புப் பிள்ளைகளில் நாலு பேரைக் கொலுவுக்கு அழைத்துச் சுண்டல் கொடுங்கள். அவர்களுடைய தாய்மாரும் வருவார்கள்.

வர முடியாதவர்கள்

எல்லா வீட்டிலும் பகலில் பள்ளிக்கு வர ஆள் இருப்பதில்லை. அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் மூன்றாவது சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் நடத்தும்படி தெலங்கானா அரசு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கூட்டத்துக்கு நாள் குறித்தது நல்லதே. ஆனால் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற தாயாருக்குச் சனிக்கிழமையும் கூலி நாள்தான். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, "உங்கள் பிள்ளை சரியாகப் படிக்கவில்லை" என்று நாலு பேர் முன்னால் கேட்டுக்கொண்டு போனவர், அடுத்த மாதம் வருவாரா? "அவங்களுக்கு அக்கறை இல்லை" என்று ஆசிரியர் அறையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ஐந்து நிமிஷம் போனில் பேசினால் அந்தத் தாயாரின் அக்கறை தெரியும். முதல் பேச்சு புகாராக இல்லாமல், "இன்றைக்கு உங்கள் பெண் வகுப்பில் நல்ல கதை சொன்னாள்" என்று இருக்குமானால் இன்னும் விசேஷம்.

தகப்பனார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹைடெக் சிட்டியிலிருந்து இரவு ஒன்பதுக்கு வீடு திரும்புகிறவர்களுக்குப் பிள்ளை தூங்கும் முகம்தான் தெரியும். நம் ஆசிரியை மாதத்தில் ஒரு சீட்டு 'அப்பாவோடு மட்டும்' என்று போட்டு, அதைச் செய்ய ஞாயிறு மாலை வரை நேரம் தருகிறார். "உன் அப்பா முதல் வகுப்பில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்?" என்பது அதில் ஒன்று. ஒரு தகப்பனார் சீட்டின் அடியில் ஒரு வரி எழுத வேண்டிய இடத்தில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாராம், தமிழில். ஆசிரியை அதைப் பையனிடமே கொடுத்து, சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

சென்ற வாரம் பத்மராவ் நகர்ப் பஸ் நிறுத்தத்தில் அந்தக் கும்பகோணத்து அம்மாளையும் பையனையும் பார்த்தோம். பஸ் ஒன்று வந்து நின்றது. அம்மாள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பலகையை எழுத்துக்கூட்டினார். "சி... கி... ந்தி..."

"கீழே ஒத்து இருக்கும்மா, பாரு. 'த்ரா'!" என்றான் பையன்.

"ஆமாண்டா. சிகிந்த்ரா... பாத்!"

அவர் படித்து முடிப்பதற்குள் பஸ் புறப்பட்டுப் போய்விட்டது.